உபுண்டு ஸ்டூடியோ

உபுண்டு ஸ்டூடியோ என்பது ஒலி, நிகழ்படம், வரைகலை, ஒளிப்படம், நூல் பக்க வடிவமைப்பு ஆகிய ஆக்கப் பணிகளுக்கென உருவாக்கப்பட்ட ஒரு கட்டற்ற இயங்குதளம் ஆகும். இது உபுண்டு லினக்சு வழங்கலை அடிப்படையாகக் கொண்டது. அதன் அதிகாரபூர்வக் கிளைகளுள் ஒன்றாகவும் ஏற்கப்பட்டுள்ளது. இதன் முதற் பதிப்பு 7.04 ஆகும். தாய் வழங்கலான உபுண்டு 7.04 வெளியாகி மூன்று வாரங்களுக்குப் பின், 2007 ஆம் ஆண்டு மே 10 ஆம் நாள் இது வெளியிடப்பட்டது. உபுண்டுவைக் கேனானிக்கல் நிறுவனம் உருவாக்கி வருகின்றது. உபுண்டு ஸ்டூடியோவைத் தன்னார்வலர்களே பேணி வருகின்றனர்.

நோக்கம்

உபுண்டு ஸ்டூடியோவில் உள்ள மென்பொருட்களுள் பெரும்பாலானவை உபுண்டுவின் பொதுக் களஞ்சியத்திலிருந்து பெறப்படுவனவே. அவற்றை எந்த உபுண்டு கணினியிலும் தனித்தனியே நிறுவிக்கொள்ள இயலும். எனவே இவ்வழங்கலின் சிறப்பு மென்பொருட்களின் எண்ணிக்கையில் இல்லை. அவை ஒன்றோடொன்று இணைந்து இயங்குமாறு முன்கூட்டியே அமைத்துத் தருவதில் உள்ளது. இவ்வமைப்பின் தேவை ஒலிப்பதிவில் மிகுதியாக உணரப்படுகின்றது.

ஒலித் தாமதம்

கணினி ஒலியைச் சிறு சிறு தொகுதிகளாகக் கையாள்கின்றது. நொடிக்கு 48,000 மாதிரிகள் என்னும் வீதத்தில், 1,024 மாதிரிகள் கொண்ட ஒரு தொகுதி நிரம்ப ஏறத்தாழ 21.3 மில்லிநொடிகள் ஆகும். அதுவே 128 மாதிரிகள் எனில் 2.7 மில்லிநொடிகள் போதும். பாடலைக் கேட்பவருக்கு இத்தாமதம் புலப்படாது. ஆனால் தம் குரலைக் காதணிபேசி வழியாகக் கேட்டுக்கொண்டே பாடுபவருக்கு அது இடையூறாக அமையும்.

தொகுதியைச் சிறிதாக்கினால் தாமதம் குறையும். எனினும், கணினி அக்குறுகிய நேரத்திற்குள் அடுத்த தொகுதியைத் தரத் தவறினால் ஒலி முறிந்து "டிக்" என்னும் ஓசை பதிவாகும். இதனைத் தவிர்க்க, ஒலி தொடர்பான பணிகளுக்குக் கருனி முன்னுரிமை அளிக்க வேண்டும். பயனருக்கும் அம்முன்னுரிமையைக் கோரும் உரிமை இருக்க வேண்டும். உபுண்டு ஸ்டூடியோ இவ்விரண்டையும் நிறுவலின்போதே அமைத்துவிடுகின்றது.

கருனி

தொடக்ககால வெளியீடுகளில் நிகழ்நேரக் கருனி வழங்கப்பட்டது. 12.04 பதிப்பு முதல் குறைந்த தாமதக் கருனி இயல்பிருப்பாக அமைந்தது. பொதுக் கருனியின் கடிகாரம் அப்போது நொடிக்கு 250 முறை துடித்தது. குறைந்த தாமதக் கருனியில் இது 1,000 முறையாக இருந்தது. 2024 இல் வெளியான உபுண்டு 24.10 இல் பொதுக் கருனியும் 1,000 துடிப்புகளுக்கு மாற்றப்பட்டது. இதனால் தனிக் கருனியின் தேவை குறைந்தது. அப்பதிப்பு முதல் உபுண்டு ஸ்டூடியோ, பொதுக் கருனியையே தொடக்க அளவுருக்களின் வழியாகக் குறைந்த தாமதத்திற்கு அமைத்துக்கொள்கின்றது.

ஒலி வழங்கி

நெடுங்காலம் அன்றாட ஒலிக்குப் பல்ஸ்ஆடியோவும், ஒலிப்பதிவுப் பணிக்கு ஜாக் வழங்கியும் பயன்பட்டன. ஒரு மென்பொருளின் வெளியீட்டை மற்றொன்றின் உள்ளீடாக இணைக்க ஜாக் உதவியது. ஆயினும் இவ்விரு வழங்கிகளையும் ஒரே ஒலி அட்டையில் பொருத்துவது புதிய பயனர்களுக்குக் கடினமாக இருந்தது. இதனை எளிதாக்கவே ஸ்டூடியோ கன்ட்ரோல்ஸ் என்னும் கருவி உருவாக்கப்பட்டது. 2023 ஆம் ஆண்டு வெளியீடுகளில் இரண்டின் பணியையும் ஒருங்கே செய்யும் பைப்வயர் இடம்பெற்றது.

மென்பொருட்கள்

* ஒலி: ஆர்டோர், ஆடாசிட்டி, ஹைட்ரஜன்
* வரைகலை: கிம்ப், இங்க்ஸ்கேப், கிருத்தா, பிளெண்டர்
* ஒளிப்படம்: டார்க்டேபிள்
* நிகழ்படம்: கேடென்லைவ், ஓபிஎஸ் ஸ்டூடியோ
* பக்க வடிவமைப்பு: ஸ்கிரைபஸ்

பணிச்சூழல்

முதல் வெளியீடுகளில் க்னோம் பணிச்சூழல் இருந்தது. 2011 இல் வெளியான 11.10 பதிப்பில் எக்ஸ்எஃப்சிஈ ஏற்கப்பட்டது. 2020 அக்டோபரில் வெளியான 20.10 பதிப்பு முதல் கேடீஈ பிளாஸ்மா இயல்பிருப்பானது. ஓவியர்களுக்கும் ஒளிப்படக் கலைஞர்களுக்கும் உகந்த கருவிகள் அதில் கூடுதலாக இருந்தமை இம்மாற்றத்திற்குக் காரணமாகக் கூறப்பட்டது. பணிச்சூழல் முற்றிலும் வேறானதால், 20.04 இலிருந்து நேரடியாக மேம்படுத்துவதற்குப் பதிலாகப் புதிதாக நிறுவுமாறு பயனர்கள் அறிவுறுத்தப்பட்டனர்.

சமூகமும் அங்கீகாரச் சிக்கலும்

அதிகாரபூர்வக் கிளை ஒன்று உபுண்டுவின் களஞ்சியத்தையும் உருவாக்கக் கணினிகளையும் பயன்படுத்திக்கொள்ளலாம். அதற்கு ஈடாக, களஞ்சியத்தில் பொதிகளைப் பதிவேற்றும் உரிமை பெற்றவர்கள் அதன் குழுவில் இருக்க வேண்டும். இவ்வுரிமை எளிதில் வழங்கப்படுவதில்லை. விண்ணப்பிப்பவரின் முந்தைய பணிகளை ஆராய்ந்த பின்னரே மேம்பாட்டாளர் உறுப்புரிமை வாரியம் முடிவெடுக்கும்.

2018 ஆம் ஆண்டளவில் உபுண்டு ஸ்டூடியோவின் குழு மிகவும் சுருங்கியிருந்தது. மூன்றாண்டு ஆதரவுக்கு உறுதியளிக்க ஆளில்லாத நிலையில், 18.04 பதிப்பு நீண்டகால ஆதரவின்றி ஒன்பது மாத ஆதரவுடன் மட்டுமே வெளியானது. அதனைத் தொடர்ந்து பயன்படுத்துவோருக்காகப் புதிய மென்பொருட்களைத் தரும் தனிக் களஞ்சியம் ஒன்று பின்னர் ஏற்படுத்தப்பட்டது.

2019 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சிக்கல் முற்றியது. பதிவேற்றும் உரிமையுடன் இயங்கும் உறுப்பினர் எவரும் குழுவில் இல்லை என்பதால், 19.04 பதிப்பு வெளியாகுமுன் அதிகாரபூர்வத் தகுதியையே இழக்கும் நிலை ஏற்பட்டது. பொதிகள் ஆயத்தமாக இருந்தும், அவற்றைக் களஞ்சியத்தில் சேர்க்க வெளியாரின் உதவியை நாட வேண்டியிருந்தது. ஏப்ரல் மாதத்தில் குழுவினர் இருவருக்கு உரிமை வழங்கப்பட்டதால் தகுதி காக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் 20.04 பதிப்பு மீண்டும் நீண்டகால ஆதரவுடன் வெளியானது.

பெருமளவு பயன்படுத்தப்படும் கட்டற்ற மென்பொருளும் ஓரிருவரின் உழைப்பைச் சார்ந்திருக்கக்கூடும் என்பதற்கு இந்நிகழ்வு ஓர் எடுத்துக்காட்டாகும்.

நிறுவலும் ஆதரவும்

புதிய பதிப்புகள் ஆறு மாதங்களுக்கு ஒரு முறை வெளியாகின்றன. இவற்றுக்கு ஒன்பது மாத ஆதரவு உண்டு. ஈராண்டுகளுக்கு ஒரு முறை வெளியாகும் நீண்டகாலப் பதிப்புகளுக்கு மூன்றாண்டு ஆதரவு அளிக்கப்படுகின்றது. முழு இயங்குதளத்தையும் மாற்ற விரும்பாதோர், உபுண்டு ஸ்டூடியோ இன்ஸ்டாலர் என்னும் பொதியின் வழியாகத் தாம் பயன்படுத்தும் உபுண்டு கிளையிலேயே தேவையான மென்பொருட் தொகுப்பையும் ஒலி அமைப்புகளையும் சேர்த்துக்கொள்ளலாம்.