பொனற்றுத் தகடும் கொல்லர் கைவினையும்

வரலாறு என்பது அரசர் ஆட்சியும் போர்ச் செய்தியும் மாத்திரம் அன்று. ஒரு சமுதாயம் இடர்க்காலத்தில் எதனைக் கொண்டு தன் வாழ்வை நடத்திற்று என்பதை உரைப்பதும் வரலாறேயாகும். அவ்வகையில், மோட்டார் வண்டியின் எந்திரத்தை மூடும் பொனற்றுத் தகடும் வடமராட்சியின் அண்மைக்கால வரலாற்றுக்கு ஒரு சான்றாதல் கூடும்.

இரண்டாம் உலகப் போரின் பின் ஆங்கில நாட்டு வண்டிகள் இலங்கையில் வந்திறங்கின. 1947இல் ஒஸ்ரின் ஏ 40 டெவன், 1948இல் மொறிஸ் மைனர், 1952இல் ஏ 40 சொமர்செற் என்பன முறையே வெளிவந்தன. பேர்மிங்காமை அடுத்த லோங்பிறிட்ஜ் ஆலையில் உருவான ஒஸ்ரினின் பொனற்று, பேரெந்திரங்கள் உருக்குத் தகட்டை அச்சில் அழுத்தியதனாற் பிறந்தது; சுத்தியலால் அடித்துச் செய்யப்பட்டதன்று.

அத்தகடு பழுதுற்றால் மாற்றீடு கடல் கடந்தே வரவேண்டும். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977இல் அது தளர்ந்ததாயினும், 1990இல் யாழ்ப்பாணக் குடாநாட்டின்மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடை பெற்றோலையும், இரும்பையும், வாகன உதிரிப்பாகங்களையும் ஒருங்கே மறித்தது. உப்புக் காற்றோ எத்தடைக்கும் கட்டுப்படவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வல்லைவெளியைக் கடந்து நெல்லியடிக்கும் கரவெட்டிக்கும் வரும் வண்டிகளின் தகட்டு மடிப்புகளில் ஈரம் தங்கித் துருவேறியது.

ஈண்டுதான் கைவினையாளன் வரலாற்றினுட் புகுகின்றான். துருத்தின்ற பகுதியை வெட்டியெடுத்து, வேறொரு பழைய வண்டியின் தகட்டை அளந்து பொருத்துவான். மணற்பையின்மேல் தகட்டை வைத்துக் கொட்டாப்புளியால் அடித்துக் குழிவாக்குவான். பின்னர் அடியில் தாங்கு இரும்பைப் பிடித்து மேலே மெல்லத் தட்டி மட்டமாக்குவான். அடிபட்ட தகடு மெலிந்து விரியும். விரிந்ததனை அடியால் மாத்திரம் சுருக்கல் இயலாது. சிறு புள்ளியளவு செந்நிறமாகக் காய்ச்சித் தட்டி, ஈரத் துணியால் உடனே குளிர்விக்கவேண்டும். எஞ்சிய பள்ளத்தை ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு நிரப்பும். ஒஸ்ரினின் நடு முகட்டுக் கோடு, நுனியில் நின்ற சிறகுடைய சின்னத்தை நேராகச் சென்றடைதல் வேண்டும். ஒரு நூலளவு பிசகினும் வண்டியின் முகம் கோணிவிடும். அச்சுமில்லை, வரைபடமுமில்லை, கண்ணும் விரல்நுனியுமே அளவுகோல்களாயின.

தடைக்காலத்தில் அப்பொனற்றைத் திறந்து கார்பரேற்றரில் சிறிது பெற்றோலை விட்டு எந்திரத்தை எழுப்பி, பின் மண்ணெண்ணெயில் ஓட்டினர். நோயாளர் மந்திகை மருத்துவமனையைச் சேர்ந்ததும், மணமக்கள் ஊர்வலம் வந்ததும் அவ்வண்டிகளிலேயே. பழைய வண்டியைப் பேணியது அழகுணர்ச்சி மாத்திரமன்று. வேறு வழியின்மையும் ஆகும். ஆயினும், வழியின்மையை வழியாக்கிய அறிவு சிறுமைப்படுத்தத் தக்கதன்று.

2009இல் போர் முடிந்தபின் புதிய வண்டிகளும் ஆயத்தப் பாகங்களும் வந்து குவிந்தன. நெளிந்த தகட்டை நிமிர்த்துவதினும் கழற்றி மாற்றுவது எளிதாயிற்று. ஏட்டில் எழுதப்படாது, ஆசான் கையிலிருந்து மாணாக்கன் கைக்கு மாறிவந்த தொழில் இது. அக்கைகள் ஓயுமுன், அவர்தம் முறைகளைக் கேட்டெழுதிப் பேணுதல் கல்விக்கூடங்களின் கடனாகும். கோயிற் கல்வெட்டைப் படியெடுக்கும் அதே கருத்துடன், சுத்தியலின் சுவடு பதிந்த இத்தகட்டையும் படித்தல் வேண்டும்.