ஆக்கத்திலிருந்து நுழைவுக்கு: புற்றுநோய்ப் படமெடுப்பில் கதிரியக்க அமினோ அமிலங்கள்

முன்னுரை

பெருகும் செல்லுக்குப் புரதம் வேண்டும். புரதத்துக்கு அமினோ அமிலம் வேண்டும். எனவே கதிரியக்க அணு பொருத்திய அமினோ அமிலத்தைச் செலுத்தினால், புற்றுக்கட்டி தன் இருப்பிடத்தைக் காட்டும் என்பது இத்துறையின் தொடக்க எதிர்பார்ப்பு. ஆனால் பின்னாளில் மருத்துவத்தில் நிலைபெற்ற முக்கியச் சேர்மங்கள் புரதத்தில் சேராதவை. இத்திருப்பம் நேர்ந்த விதத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

இயற்கை அமிலத்தின் வழி

1960களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் பஃபலோ நகரிலுள்ள ரோஸ்வெல் பார்க் நிலையத்தில் மான்டி பிளாவும் அவர் குழுவினரும், மெத்தியோனினின் கந்தகத்துக்குப் பதிலாகச் செலினியம்-75 அமைந்த சேர்மத்தைக் கொண்டு கணையத்தைப் படமெடுத்தனர். செரிமான நொதிகளை ஓயாமல் உருவாக்கும் கணையம் அதை விரைந்து உள்வாங்கியது. ஆனால் கல்லீரலும் உள்வாங்கியதால் படம் தெளிவிழந்தது. 120 நாள் அரை ஆயுட்காலம் நோயாளியின் கதிர்வீச்சுச் சுமையைக் கூட்டியது.

பெட் ஸ்கேன் வந்தபின் கார்பன்-11 மெத்தியோனின், குறிப்பாக மூளைக்கட்டிகளைப் படமெடுக்க, அவ்விடத்தைப் பிடித்தது. மூளை எப்போதும் குளுக்கோசை மிகுதியாக உறிஞ்சுவதால், குளுக்கோசை ஒத்த எஃப்.டி.ஜி. அங்குள்ள கட்டியைப் பிரித்துக் காட்டத் திணறியது. மெத்தியோனினுக்கு அந்தத் தடை இல்லை. எனினும் அது உடலில் பல வேதிமாற்றங்களுக்கு உள்ளாவதால், பதிவாவது செல்லுக்குள் நுழைவா, புரத ஆக்கமா என்று பிரித்தறிவது கடினமாயிற்று. கார்பன்-11இன் அரை ஆயுளோ 20 நிமிடமே. அதை உருவாக்கும் சைக்ளோட்ரான் கருவி அருகில் இல்லாத மருத்துவமனைக்கு அது பயன்படவில்லை.

இயற்கையில் இல்லாத அமிலங்கள்

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வாளர்கள் 1970களில் வேறு பாதையை எடுத்தனர். வளைய வடிவம் கொண்ட, புரதத்தில் சேராத செயற்கை அமினோ அமிலங்களில் கார்பன்-11ஐப் பொருத்தினர். செல்லின் கடத்திப் புரதங்கள் இவற்றையும் உள்ளே விட்டன. கட்டிகளில் இவை செறிந்தன.

1999இல் இப்பாதை ஃப்ளூரின்-18உடன் இணைந்தது. அதன் அரை ஆயுள் 110 நிமிடம் என்பதால் ஓரிடத்தில் தயாரித்து வேறிடத்துக்கு அனுப்ப முடிந்தது. அவ்வாண்டில் ஜெர்மனியின் மியூனிக்கில் டைரோசின் வழிவந்த எஃப்.இ.டி. சேர்மமும், அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் மார்க் குட்மன் குழுவினரின் ஃப்ளூசிக்லோவினும் ஆய்விதழில் வெளியாயின. ஓக் ரிட்ஜின் நாற்கார்பன் வளையத்தில் ஃப்ளூரினைச் சேர்த்ததே பின்னது. இரண்டின் முதல் இலக்கும் மூளைக்கட்டி.

எஃப்.இ.டி. அங்கேயே நிலைத்தது. ஃப்ளூசிக்லோவின் திசைமாறியது. அது தொடக்கத்தில் சிறுநீரில் குறைவாகவே வெளியேறுவதால், சிறுநீர்ப்பையின் ஒளிர்வு அருகிலுள்ள ப்ராஸ்டேட் சுரப்பியை மறைப்பதில்லை. இப்பண்பைப் பயன்படுத்தி எமரியில் டேவிட் ஷுஸ்டர் குழுவினர் செய்த ப்ராஸ்டேட் புற்றுநோய் ஆய்வு 2007இல் வெளிவந்தது. சிகிச்சைக்குப் பின் மீண்டும் தலைதூக்கும் ப்ராஸ்டேட் புற்றுநோயைக் கண்டறிய 2016 மே மாதம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அதற்கு அனுமதி அளித்தது.

நுழைவின் விலை

எஃப்.டி.ஜி. செல்லுக்குள் பாஸ்பேட் ஏற்றுச் சிக்கிக்கொள்வதால் ஒரு மணி நேரம் கழித்தும் படமெடுக்கலாம். ஃப்ளூசிக்லோவினுக்கு அப்படியொரு பிடிமானம் இல்லை. நுழைந்த வழியே வெளியேறவும் செய்யும். ஆகவே ஊசி போட்ட 3 முதல் 5 நிமிடங்களில் ஸ்கேன் தொடங்க வேண்டும். தீங்கற்ற ப்ராஸ்டேட் வீக்கமும் அதை உள்வாங்குவதுண்டு.

முடிவுரை

அறுவைக்குப் பின் தரும் கதிர்வீச்சுச் சிகிச்சையை ஃப்ளூசிக்லோவின் படத்தின் துணையுடன் திட்டமிட்டபோது, மூன்றாண்டு அளவில் நோய் மீளாதோர் 75.5 விழுக்காடு, வழக்கமான படங்களை மட்டும் நம்பிய பிரிவில் 63 விழுக்காடு. 2021இல் லான்செட் வெளியிட்ட எமரி சோதனையின் முடிவு இது. அதற்குள் ப்ராஸ்டேட் புற்றுச் செல்களின் மேற்பரப்பில் மிகும் பி.எஸ்.எம்.ஏ. புரதத்தைத் தேடிப் பற்றும் சேர்மங்கள் ப்ராஸ்டேட்டில் முந்தத் தொடங்கின. எனினும் ஒரு சேர்மத்தை உடல் பயன்படுத்தாவிட்டாலும் அது செல்லுக்குள் நுழைவதே நோயறியப் போதுமான தகவலாகும் என்பதை நிறுவியது அமினோ அமில ஆய்வின் தனிப் பங்களிப்பு.