பந்தய முடிவுகளும் ஒரு வெள்ளிப் பதக்கமும்

மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று சங்கத்தினர் கேட்டார்கள். திருத்தணி என்றாலே ம.பொ.சி.யையும் 1960ஆம் ஆண்டு எல்லை மாற்றத்தையும் எல்லோரும் எழுதிவிடுவார்கள். நான் நம் கல்லூரியில் இளங்கலை முடித்துப் பொறியியல் பக்கம் போனவன். பந்தயங்களில் நேரம் குறிக்கும் கருவிகளோடு சில வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். அப்போது மனதில் விழுந்த கேள்வி இது: ஒருவர் ஓடிய ஓட்டத்தின் முடிவில் எது ஊருக்குச் சொந்தம், எது அவருக்கு மட்டும் சொந்தம்?

நமக்குப் பழக்கமான விஷயத்திலிருந்தே தொடங்குகிறேன். தேர்வு முடிவு பேப்பரில் வந்த காலத்தில் பதிவெண் மட்டும்தான் அச்சாகும். பஸ் ஸ்டாண்டு கடையில் பேப்பர் வாங்கி, விரலை வைத்து எண் தேடின மூத்த அண்ணன்மார்கள் நம் சங்கத்திலேயே நிறையப் பேர் உண்டு. எண் தெரிந்தவனுக்குத்தான் முடிவு தெரியும். தவறியவனின் எண் இருக்காது, அவ்வளவுதான். காகிதம் மிச்சம் பிடிக்கச் செய்ததோ என்னவோ, அதில் ஒரு நாகரிகம் இருந்தது. முதலிடம் பெற்றவர்களை மட்டும் பெயரோடும் படத்தோடும் கொண்டாடினோம். மாநில அளவில் ரேங்க் அறிவிக்கும் அந்த வழக்கத்தையும் தமிழக அரசு 2017இல் நிறுத்திவிட்டது.

ஓட்டப் பந்தயம் அப்படி இல்லை. ஊர் பார்க்க ஓடுவது அது. பெயர் இல்லாமல் சாதனைப் பட்டியல் கிடையாது. இருந்தாலும் பெயரை எவ்வளவு சொல்வது என்பதிலும் ஒரு கதை இருக்கிறது. 1967இல் பாஸ்டன் மாரத்தானில் கேத்ரின் ஸ்விட்சர் என்ற பெண், கே.வி. ஸ்விட்சர் என்று நம்ம ஊர் பாணியில் இனிஷியல் போட்டுப் பதிவு செய்தார். பெண்கள் ஓடாத காலம் அது. பெயரைப் பார்த்து யாரும் சந்தேகப்படவில்லை. பாதையில் பார்த்த அதிகாரி ஒருவர் ஓடி வந்து அவர் மார்பு எண்ணைப் பிய்க்கப் பார்த்தார். ஸ்விட்சர் ஓடி முடித்தார்.

அதே பாஸ்டனில் 1996இல் நேரம் குறிக்கச் சில்லு வந்துவிட்டது. இப்போது மார்பு எண்ணுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் சில்லுக்குப் பேட்டரி கிடையாது. தரையில் விரித்த பாயைத் தாண்டும்போது, பாயிலிருந்து வரும் ரேடியோ அலையிலேயே உயிர் பெற்றுத் தன் எண்ணைச் சொல்லும். வழியில் நாலு இடத்தில் பாய் விரித்தால், யார் எத்தனை மணிக்கு எங்கே இருந்தார் என்பது வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும். குடும்பத்துக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒரு பெண் எந்த நிமிஷம் எந்தத் திருப்பத்தைத் தாண்டுவாள் என்பது குடும்பத்துக்கு மட்டுமா தெரிகிறது?

இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம் நம் தமிழ்நாட்டுப் பெண்ணுக்கு நடந்தது.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்திரராஜன், செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளை. 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தை 2 நிமிடம் 3.16 விநாடியில் முடித்து வெள்ளி வென்றார். மூன்றாவதாக வந்த கஜகஸ்தான் வீராங்கனைக்கும் அவருக்கும் இடைவெளி 0.03 விநாடி. அந்த முடிவை உலகமே பார்க்கலாம், அது பொதுச் சொத்து. ஆனால் பந்தயத்துக்குப் பிறகு அவருக்குப் பாலினப் பரிசோதனை நடந்தது. மருத்துவருக்கும் அவருக்கும் இடையில் இருக்க வேண்டிய அந்த முடிவு, அதே மாதத்திலேயே பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் வந்துவிட்டது. பதக்கமும் பறிபோனது. ஊக்கமருந்து எதுவும் அவர் எடுத்தவர் இல்லை. பிறக்கும்போதே அமைந்த உடல் அவருடையது, அவ்வளவே. முதலமைச்சர் கருணாநிதி அறிவித்த 15 லட்ச ரூபாய் பரிசை மாநில அரசு திரும்பக் கேட்கவில்லை என்பது ஒரு ஆறுதல். நிரந்தரப் பயிற்சியாளர் வேலை கிடைக்க 2016 வரை ஆயிற்று.

இது முதல் முறையும் இல்லை என்பதுதான் எனக்குக் கோபம். ஸ்பெயின் நாட்டுத் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்ட்டினஸ் பட்டினோவுக்கு 1985இல் ஜப்பானின் கோபே நகரில் இதே மாதிரி பரிசோதனை. அடுத்த வருஷம் செய்தி கசிந்தது. உதவித்தொகை, பழைய சாதனைகள் எல்லாம் போயின. போராடி 1988இல் மறுபடி ஓடும் உரிமை பெற்றார். அதற்கு 18 வருஷம் கழித்தும் உலகம் பாடம் படிக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? இதிலும் தமிழ்நாட்டு வழக்குதான் முன்னே நிற்கிறது. ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிடப் போன விவகாரத்தில் 1994இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: பொது ஆவணத்தில் உள்ளதை வெளியிடலாம், அதைத் தாண்டி ஒருவரின் தனி வாழ்க்கையைச் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது. 2017 ஆகஸ்டில் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். சாந்திக்கு அது 11 வருஷம் தாமதம்.

தம்பி தங்கைகள் இதைப் பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். 2025 செப்டம்பர் முதல், உலக அளவிலான தடகளப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓட மரபணுப் பரிசோதனை ஒரு முறை கட்டாயம் என்று உலகத் தடகள அமைப்பு விதி போட்டிருக்கிறது. அந்த விதி நியாயமா என்ற வாதம் ஒரு பக்கம் நடக்கட்டும். அந்தத் தாள் யார் மேஜையில், யார் பூட்டில் இருக்கும் என்று நான் கேட்கிறேன். நம் மைதானத்தில் இன்று ஸ்பைக் போட்டு ஓடும் ஒரு தங்கை நாளைக்கு அந்த வரிசையில் நிற்கலாம்.

அடுத்த சந்திப்பின்போது மலைப்பாதையில் ஓட்டம் வைக்கலாம் என்று சங்கத்தில் பேச்சு அடிபடுகிறது. நல்ல யோசனை. விண்ணப்பத்தில் பிறந்த தேதி, போன் நம்பர், ரத்த வகை எல்லாம் கேட்போம். கேட்க வேண்டியதுதான், யாராவது மயங்கி விழுந்தால் வேண்டுமே. ஆனால் தகவல் பலகையில் ஒட்டும்போதும் வாட்ஸ்அப்பில் போடும்போதும் எண், பெயர், நேரம் மட்டும் இருந்தால் போதும். முதலாம் ஆண்டு மாணவர் சிலருக்கு 18 நிறைந்திருக்காது; 2023ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கணக்கில் அவர்கள் குழந்தைகள், பெற்றோர் சம்மதம் வாங்க வேண்டும். "என் பெயர் வேண்டாம், எண் மட்டும் போடுங்கள்" என்பவருக்கு ஒரு கட்டமும் படிவத்தில் வைப்போம். நேரம் குறிக்கும் பாய்களை நான் கொண்டுவருகிறேன்.