ரோசியை உங்களுக்கு நான் சொல்லித் தரவில்லை



வைக்கம் போராட்டம் நடத்தும்போது 1924, பெரியார், கோயிலைச் சுற்றிய தெரு என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு மனப்பாடம் பண்ணச் சொல்வேன், ஞாபகம் இருக்கிறதா? அதே திருவிதாங்கூரில் அதற்குச் சில வருஷம் கழித்து ஒரு நடிகைக்கு நேர்ந்ததை நான் சொன்னதே இல்லை. எனக்கே தெரியாது. 2023 பிப்ரவரி 10 அன்று பேத்தி செல்போனை நீட்டி, "தாத்தா, கூகுள்ல படம் போட்டிருக்காங்களே, இது யாரு?" என்று கேட்ட பிறகுதான் தேடிப் படித்தேன். அவர் பெயர் பி.கே.ரோசி.

அது பேசாப்படக் காலம். 1913இல் பால்கே 'ராஜா ஹரிச்சந்திரா' எடுத்தபோது சந்திரமதியாக நடிக்கப் பெண் கிடைக்காமல், ஓட்டலில் சமையல் வேலை பார்த்த சாலுங்கே என்ற ஆணுக்குச் சேலை கட்டிவிட்டார். அப்படியொரு காலத்தில், குமரி மாவட்டம் அகஸ்தீஸ்வரத்துக்காரரான ஜே.சி.டேனியல் நிலத்தை விற்று, திருவனந்தபுரத்தில் 'விகதகுமாரன்' எடுத்தார். மலையாளத்தின் முதல் படத்தை எடுத்தவர் ஒரு தமிழர். (அன்று குமரியும் நம்ம பக்கத்துச் செங்கோட்டையும் திருவிதாங்கூர் சமஸ்தானம்தான். 1956 நவம்பர் 1இல்தான் நம்மோடு சேர்ந்தன.)

பம்பாயிலிருந்து வரவழைத்த நடிகை ஒத்துவரவில்லை. அப்போது டேனியல் கண்ணில் பட்டவர் ரோசி. புலையர் சமூகத்தில் பிறந்து, கூலி வேலை பார்த்துக்கொண்டே காக்காரிசி நாடகத்தில் நடித்தவர். தமிழும் மலையாளமும் கலந்து பாடி ஆடுகிற கூத்து அது. படத்தில் அவருக்குச் சரோஜினி என்ற நாயர் பெண் வேடம். வினையே அதில்தான் வந்தது.

படம் கேபிடல் தியேட்டரில் வெளியானது. 1928 என்றும் 1930 என்றும் இரண்டு வருஷம் சொல்கிறார்கள். ரோசி வந்தால் நாங்கள் வரமாட்டோம் என்று பெரிய மனிதர்கள் சொல்லிவிட்டார்கள். கதாநாயகியே தன் படத்தின் முதல் காட்சியைப் பார்க்க முடியவில்லை. திரையில் கதாநாயகன் அவர் கூந்தல் பூவை எடுத்து முத்தமிட்டதும் கல் பறந்தது, திரை கிழிந்தது. பிறகு அவர் குடிசைக்கும் தீ வைத்தார்கள்.

ஒரு லாரியில் ஏறித் தப்பி நாகர்கோவில் வந்தார். லாரி ஓட்டிய கேசவ பிள்ளையையே மணந்தார். ராஜம்மாள் என்ற பெயரில் குடும்பம் நடத்தினார், பழைய கதையைப் பேசாமலே. மறுபடி நடிக்கவே இல்லை.

இந்த இடத்தில் எனக்கு டி.பி.ராஜலட்சுமி நினைவு வருகிறது. அவரும் நாடகத்திலிருந்து பேசாப்படத்துக்கு வந்தவர்தான். 1931இல் 'காளிதாஸ்' கதாநாயகி, 1936இல் 'மிஸ் கமலா' இயக்குநர், 'சினிமா ராணி' பட்டம். அவரும் பட்ட கஷ்டம் கொஞ்சமல்ல. ஆனால் அவர் வீட்டுக்கு யாரும் தீ வைக்கவில்லை.

டேனியலும் கடனாளியாகி, பல் வைத்தியம் பார்த்து, 1975இல் அகஸ்தீஸ்வரத்தில் வறுமையில் இறந்தார். உயிரோடு இருந்தபோது உதவித்தொகை கேட்டவருக்கு, நீர் தமிழ்நாட்டுக்காரர் என்று கேரளத்தில் கையை விரித்தார்கள். இன்று அங்கே திரைத்துறையின் பெரிய விருது அவர் பெயரில்தான்! 2013இல் வந்த 'செல்லுலாய்ட்' படம் இருவர் கதையையும் சொல்கிறது. அவசியம் பாருங்கள்.

"ரோசி நடிச்ச படம் யூடியூப்ல இருக்கா தாத்தா?" என்றாள் பேத்தி. இல்லை. மிச்சமிருந்த சுருளை, சிறுபிள்ளையாக இருந்தபோது விளையாட்டாக எரித்துவிட்டதாக டேனியலின் மகனே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.