எண்களும் வாக்குகளும்: ஐக்கிய இராச்சியத்தின் 2016ஆம் ஆண்டு எதிர்வுகூறல் விவாதம்

ஓர் அரசியல் ஒன்றியத்தினின்று விலகுவதா, அதனுள் தொடர்ந்திருப்பதா என்னும் வினா ஒரு நாட்டு மக்கள்முன் வைக்கப்படும்போது, இறைமை, அடையாளம், வரலாறு ஆகியன பற்றிய பேச்சே முதலில் எழுகின்றது. ஆயினும் வாக்களிக்கும் நாள் நெருங்க நெருங்க விவாதம் பொருளாதார எண்களிடம் வந்து சேர்கின்றது. 2016ஆம் ஆண்டு யூன் 23ஆந் திகதி ஐக்கிய இராச்சியத்தில் நடைபெற்ற சர்வசன வாக்கெடுப்பு இத்தகைய எண்களின் போர்க்களமாகவே அமைந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தினின்று விலகவேண்டும் என 51.9 சதவீதத்தினரும், தொடர்ந்திருக்கவேண்டும் என 48.1 சதவீதத்தினரும் வாக்களித்தனர். பொருளியலாளருள் மிகப் பெரும்பான்மையோர் விலகல் நட்டம் விளைக்கும் என எச்சரித்திருந்தும் அவ்வெச்சரிக்கை எடுபடவில்லை. மக்களின் அறியாமையே இதற்குக் காரணம் எனக் கூறி அமைந்துவிடுவாரும் உளர். எச்சரிக்கை எவ்வடிவில், யாருடைய வாயினின்று வந்தது என்பதை நோக்கின், காரணத்தின் பெரும் பங்கு எச்சரித்தோரிடமே இருந்தமை புலனாகும்.

இத்தகைய விவாதம் அந்நாட்டுக்குப் புதியதன்று. 1973 ஜனவரியில் ஐரோப்பியப் பொருளாதார சமூகத்திற் சேர்ந்த பிரித்தானியா, ஹரல்ட் வில்சனின் தொழிற்கட்சி ஆட்சியில், 1975 யூன் 5ஆந் திகதி அதில் தொடர்வதா என மக்களிடம் கேட்டது. அன்று அச்சந்தரும் எண் விலகலை விரும்பியோரிடமிருந்தே வந்தது. சமூகத்திற் சேர்ந்தமையால் ஐந்து இலட்சம் பேருக்கு வேலை இல்லாது போயிற்று என்றார் கைத்தொழில் அமைச்சர் ரொனி பென். அதே அமைச்சரவையில் இருந்த றோய் ஜென்கின்ஸ், பொருளாதாரம் பற்றிய அமைச்சர் என்ற வகையிற் பென்னைப் பொருட்படுத்துவதே தமக்குக் கடினமாகி வருகின்றது எனப் பகிரங்கமாகச் சாடினார். 67.2 சதவீதத்தினர் தொடர்வதை ஆதரித்தனர். நாற்பது ஆண்டுகளின் பின்னர் அச்சமூட்டும் பணி மறுதரப்பாரின் கைக்கு மாறியிருந்தது.

இடையில் ஸ்கொத்லாந்து ஓர் ஒத்திகைக் களமாயிற்று. ஐக்கிய இராச்சியத்தினின்று பிரிவதா என்பது பற்றி 2014 செப்ரெம்பரில் அங்கு வாக்கெடுப்பு நிகழ்ந்தது. அவ்வாண்டு மே 28ஆந் திகதி, ஒரே நாளில், இலண்டன் அரசாங்கம் ஒன்றியத்தில் இருப்பதனால் தலைக்கு ஆண்டொன்றுக்கு 1,400 பவுண் நன்மை எனவும், எடின்பரோ அரசாங்கம் தனிநாடாவதனால் தலைக்கு 1,000 பவுண் நன்மை எனவும் அறிக்கை வெளியிட்டன. பிரிவினை கோரியோரின் வெள்ளை அறிக்கை எண்ணெயின் விலையைப் பீப்பாய் ஒன்றுக்கு ஏறத்தாழ 110 டொலராகக் கொண்டிருந்தது. வாக்கெடுப்பு முடிந்து நான்கு மாதத்துள் அவ்விலை 50 டொலருக்குக் கீழே வீழ்ந்தது. 55.3 சதவீதத்தினர் பிரிவினையை நிராகரித்தனர். அச்சமூட்டினால் வெல்லலாம் என்பதே டேவிட் கமரூனின் அரசாங்கம் இதிலிருந்து கற்ற பாடமோ என ஐயுறவேண்டியுள்ளது. ஏனெனில் இரண்டு ஆண்டுகளின் பின் அதே வழியையே அது மேலும் பெரிய அளவிற் பின்பற்றியது.

2016 ஏப்பிரல் 18ஆந் திகதி பிரித்தானியத் திறைசேரி தனது நீண்டகால ஆய்வை வெளியிட்டது. நாடுகளுக்கிடையிலான வாணிகம் அவற்றின் பொருளாதாரப் பருமனோடு கூடியும், தூரத்தோடு குறைந்தும் செல்லும் என்னும் ஈர்ப்பு மாதிரியுருவை அடிப்படையாகக் கொண்டது அவ்வாய்வு. ஒன்றியத்தினுள் இருந்தால் எய்தக்கூடிய மொத்த உள்நாட்டு உற்பத்தியை அளவுகோலாகக் கொண்டு, விலகிப் பதினைந்து ஆண்டுகளின் பின் ஏற்படும் குறைவை அது மதிப்பிட்டது. நோர்வேயின் நிலையை மேற்கொண்டால் 3.8 சதவீதம், கனடாவைப் போன்று ஒப்பந்தம் செய்தால் 6.2 சதவீதம், உலக வர்த்தக அமைப்பின் விதிகளோடு நின்றால் 7.5 சதவீதம் என்பன அதன் மைய மதிப்பீடுகள். ஒவ்வொன்றும் ஒரு வீச்சுடன் தரப்பட்டது. கனடா முறைக்கான வீச்சு 4.6 முதல் 7.8 சதவீதம் வரையாகும்.

இதுவரை குறை கூற அதிகம் இல்லை. மாதிரியுரு பலரும் ஏற்றது. அனுமானங்களும் நூலுள் வெளிப்படையாகவே இருந்தன. ஆனால் நிதியமைச்சர் ஜோர்ஜ் ஒஸ்போர்ண் மக்கள்முன் நிறுத்தியது அந்நூலையன்று, 4,300 என்னும் ஒற்றை எண்ணையே. விலகினால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஆண்டொன்றுக்கு 4,300 பவுண் இழப்பு என்றார் அவர். இவ்வெண் பெறப்பட்ட முறை எளியது. உற்பத்தியின் 6.2 சதவீதத்தை நாட்டிலுள்ள ஏறத்தாழ 2 கோடி 70 இலட்சம் குடித்தனங்களால் வகுத்தால் அது கிடைக்கும். ஆனால் மொத்த உள்நாட்டு உற்பத்தி முழுவதும் குடும்பங்களின் பைக்குள் வருவதன்று. நிறுவனங்களின் இலாபமும் அரசின் செலவும் அதிலுண்டு. மேலும் 'இழப்பு' என்பது இன்றைய வருமானத்தினின்று குறைவது அன்று, இனி வரக்கூடிய வளர்ச்சியில் ஒரு பங்கு வராமற் போவதாகும். இவ்விரண்டு வேறுபாடுகளையும் மறைத்து, வீச்சையும் நீக்கி, தெருமுனைப் பேச்சுக்கு ஏற்ப எண் செதுக்கப்பட்டது. அன்று பாராளுமன்றத் திறைசேரிக் குழுவின் தலைவராயிருந்தவர் அன்ட்றூ ரைறி. அரசாங்கக் கட்சியைச் சேர்ந்தவராயினும் அவரது தலைமையிலான குழு இவ்வெண்ணின் பயன்பாட்டைக் கண்டித்தமை குறிப்பிடத்தக்கது.

இவ்விடத்து ஒரு முரண்பாட்டைச் சுட்டாமற் செல்லவியலாது. அரசாங்கத்தின் பொருளாதார எதிர்வுகூறல்கள் நிதியமைச்சரின் அரசியல் விருப்புக்கு வளையாதிருத்தல் வேண்டும் என்று கூறி, 2010ஆம் ஆண்டில் அப்பணியைத் திறைசேரியினின்று பிரித்து, வரவுசெலவுத்திட்டப் பொறுப்பு அலுவலகம் என்னும் சுதந்திர நிறுவனத்தை ஏற்படுத்தியவர் இதே ஒஸ்போர்ண் ஆவர். ஆனால் அரசாங்கத்தின் நடைமுறைக் கொள்கையை மட்டுமே அவ்வலுவலகம் ஆராயலாம், மாற்றுக் கொள்கைகளை மதிப்பிடலாகாது என்பது அதனை நிறுவிய சட்டத்தின் ஏற்பாடு. விலகல் அப்போது அரசாங்கக் கொள்கையன்று. எனவே, நடுநிலையான ஒரு குரல் மிகவும் தேவைப்பட்ட வேளையில் அவ்வலுவலகம் வாய்திறக்க இயலாதிருந்தது. வாக்கெடுப்பில் ஒரு கட்சிக்காரராய் இறங்கிய அமைச்சரின் திணைக்களமே கணிப்பாளராகவும் விளங்கியது.

மே 23ஆந் திகதி வெளிவந்த இரண்டாவது அறிக்கைதான் பெருங்கேட்டை விளைத்தது. அது உடனடி விளைவுகளைப் பற்றியது. விலகலுக்கு வாக்களித்தாலே, ஓராண்டு நீடிக்கும் பொருளாதாரப் பின்னடைவு தோன்றும். இரண்டு ஆண்டுகளில் உற்பத்தி 3.6 சதவீதம் குறைந்திருக்கும். வேலையற்றோர் தொகை ஏறத்தாழ ஐந்து இலட்சத்தாற் கூடும். பவுணின் பெறுமதி 12 சதவீதம் வீழும் என்றது அவ்வறிக்கை. இவை அதன் மிதமான காட்சியின் எண்கள். கடுமையான காட்சி ஒன்றும் உடனிருந்தது. 'ஏனையவை மாறாதிருக்க' என்னும் தொடரைப் பொருளியல் மாணவர் முதலாண்டிலேயே கற்றுவிடுகின்றனர். இவ்வறிக்கையில் மாறாதிருக்கும் எனக் கொள்ளப்பட்ட ஏனையவையோ மிகப் பெரியன. விலகலுக்கான ஐம்பதாம் உறுப்புரை உடனே பிரயோகிக்கப்படும் என்பது ஒன்று. இங்கிலாந்து வங்கி வாளாவிருக்கும் என்பது மற்றொன்று. மேலும், யூன் நடுப்பகுதியில் ஒஸ்போர்ண், விலகல் வென்றால் 30 பில்லியன் பவுண் அளவிற்கு வரியுயர்வும் செலவுக் குறைப்பும் கொண்ட அவசர வரவுசெலவுத்திட்டம் வரும் என்று அச்சுறுத்த, அவரது கட்சி உறுப்பினர் ஐம்பதின்மருக்கு மேற்பட்டோரே அதனை எதிர்த்து வாக்களிப்போம் என்றனர்.

மறுதரப்பாரின் எண்கள் இவற்றினும் தூயனவாய் இருந்தன என்று கொள்ளற்க. வாரந்தோறும் 350 மில்லியன் பவுண் ஒன்றியத்துக்கு அனுப்பப்படுகின்றது எனச் செந்நிறப் பேருந்தில் எழுதி ஊரூராகக் கொண்டு சென்றனர். 1984இல் மார்கிரட் தச்சர் பேசிப் பெற்ற கழிவு, அனுப்பப்படும் முன்னரே நீக்கப்படுவது. அதனைக் கழிக்காத எண் அது. புள்ளிவிபர அதிகாரசபையின் தலைவர் சேர் அன்ட்றூ டில்நொட் அது தவறாக வழிநடத்துவது எனக் கண்டித்த பின்னும் பேருந்து ஓடிற்று. ஆய்வு நிலையிற் பேசியவர் கார்டிஃப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பற்றிக் மின்போட். விலகிய பின் இறக்குமதித் தீர்வைகள் யாவற்றையும் ஒருதலையாக நீக்கினால் உற்பத்தி 4 சதவீதம் உயரும் என்பது அவரது கணிப்பு. அதன்வழி நாட்டின் கைத்தொழில் உற்பத்தி பெரும்பாலும் மறைந்துவிடக்கூடும் என்பதையும் அவர் ஒளிக்கவில்லை. கைத்தொழில் நகரங்களில் விலகலுக்கு வாக்களித்தோர் இதனை விரும்பியே வாக்களித்தனர் என எவரும் கூறார். 1981இல் தச்சர் அரசின் கொள்கையை 364 பொருளியலாளர் கூட்டாகக் கண்டித்தபோது அதனை ஆதரித்து நின்ற மிகச் சிலருள் மின்போட்டும் ஒருவர். அன்றைய பெரும்பான்மை பிழைத்தது என்று விலகல் தரப்பார் விடாது நினைவூட்டினர்.

மே மாதத்தில் நடத்தப்பட்ட ஒரு கருத்துக்கணிப்பில், விடையளித்த அறுநூறுக்கு மேற்பட்ட பொருளியலாளருள் 88 சதவீதத்தினர் அடுத்த ஐந்தாண்டுகளில் விலகல் உற்பத்தியைக் குறைக்கும் என்றனர். ஒலிபரப்பிலோ சமநிலை கருதி ஒருவருக்கு ஒருவராக இரு தரப்பாரும் அமர்த்தப்பட்டனர். கேட்போருக்குப் பொருளியலாளர் பாதிக்குப் பாதியாகப் பிரிந்திருப்பதாகவே தோன்றிற்று. யூன் 3ஆந் திகதி தொலைக்காட்சி நேர்காணலில் நீதியமைச்சர் மைக்கல் கோவ், தமக்கே எல்லாம் தெரியும் எனக் கூறித் தொடர்ந்து பிழைவிட்டு வரும் நிறுவனங்களின் நிபுணர்களால் மக்கள் சலித்துவிட்டனர் என்றார். பின்னர் இக்கூற்றின் முற்பாதி மட்டுமே பரவியது. பிற்பாதியிலுள்ள குற்றச்சாட்டைப் பொய் என ஒதுக்கவியலாது. 2008ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியை ஏன் ஒருவரும் முன்கூட்டிக் காணவில்லை என எலிசபெத் அரசியார் இலண்டன் பொருளியற் கல்லூரியில் வினவியதை மக்கள் மறக்கவில்லை.

வாக்கெடுப்பின் மறுநாளே பவுண், டொலருக்கு எதிராக ஏறத்தாழ 8 சதவீதம் வீழ்ந்து, 1985க்குப் பின் கண்டிராத நிலையை அடைந்தது. இறக்குமதி விலைகள் ஏறி, 2017 நவம்பரிற் பணவீக்கம் 3.1 சதவீதமாயிற்று. இவ்வளவில் திறைசேரியின் கணிப்புப் பொருந்திற்று. ஆனால் முன்கூறிய பின்னடைவு வரவில்லை. மக்கள் சேமிப்பைக் குறைத்துச் செலவைத் தொடர்ந்தனர். இங்கிலாந்து வங்கி ஓகஸ்ட் 4ஆந் திகதி வட்டிவீதத்தை 0.5இலிருந்து 0.25 சதவீதமாகக் குறைத்தது. ஐம்பதாம் உறுப்புரை 2017 மார்ச் 29 வரை பிரயோகிக்கப்படவில்லை. வேலையின்மை கூடுவதற்குப் பதிலாக, 4.9 சதவீதத்தினின்று இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 4 சதவீதமாகக் குறைந்தது. நாணயச் சந்தையின் உளப்பாங்கைச் சரியாகக் கணித்தோர் கடைத்தெருவிற் பொருள் வாங்குவோரின் உளப்பாங்கைக் கணிக்கத் தவறினர். 2017 ஜனவரியில் இங்கிலாந்து வங்கியின் தலைமைப் பொருளியலாளர் அன்டி ஹால்டேன், 1987 ஒக்ரோபரிற் பெரும் புயல் வராது எனக் கூறி நாட்டாரின் நகைப்புக்கு ஆளான வானிலை அறிவிப்பாளர் மைக்கல் ஃபிஷ் அவர்களின் நிலையோடு பொருளியலாளரின் நிலையை ஒப்பிட்டார்.

உடனடிக் கணிப்பின் பிழை நீண்டகாலக் கணிப்பையும் தன்னோடு இழுத்துச் சென்றமையே இவ்வரலாற்றின் துயரமான பகுதியாகும். முதலாவது, மனிதரின் அச்சத்தையும் நம்பிக்கையையும் ஊகிப்பது. இரண்டாவது, வாணிகத் தடைகள் உயர்ந்தால் உற்பத்தித்திறனுக்கு என்னாகும் எனக் கணிப்பது. இவை வெவ்வேறு வகையான அறிவு. ஆனால் ஒரே திணைக்களத்தின் முத்திரையுடன், ஒரே அமைச்சரின் கையால், ஐந்து வார இடைவெளியில் அவை வழங்கப்பட்டமையால் மக்கள் அவற்றைப் பிரித்தறிய வழியிருக்கவில்லை. 2018இன் தொடக்கத்தில் அரசின் புதிய ஆய்வொன்று கசிந்து, மூன்று வகை விலகலும் வளர்ச்சியைக் குறைக்கும் என்று காட்டியபோது, விலகலுக்குப் பொறுப்பான திணைக்களத்தின் துணை அமைச்சர் ஸ்ரீவ் பேக்கர், அரச எதிர்வுகூறல்கள் எப்போதும் பிழைப்பன எனச் சபையிற் கூறமுடிந்தது. திறைசேரி அலுவலர் வேண்டுமென்றே ஆய்வை வளைத்தனர் என்னும் குற்றச்சாட்டுக்கும் அவர் இடமளித்து, பின்னர் மன்னிப்புக் கோர நேர்ந்தது.

2020 ஜனவரி 31ஆந் திகதி விலகல் நிறைவேறி, 2021 ஜனவரி 1ஆந் திகதி கனடா முறையை ஒத்த உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. இழப்பை அளப்பதில் இன்றும் இணக்கமில்லை. விலகாத பிரித்தானியா என ஒன்று உலகில் இல்லாமையால், பிற நாடுகளின் புள்ளிவிபரங்களைக் கலந்து ஒரு நிழல் நாட்டைச் செய்து அதனோடு ஒப்பிடுகின்றனர். அவ்வாறு ஒப்பிட்ட ஜோன் ஸ்பிறிங்போட் 2022இன் நடுப்பகுதியில் 5.5 சதவீதக் குறைவைக் கண்டார். கொவிட் காலத்துக் குழப்பத்தில் அந்நிழலை நம்பலாகாது என்றனர் அவரை மறுத்தோர். விலகல் அரசாங்கக் கொள்கையாகிவிட்டமையால், 2016இல் மௌனமாயிருந்த வரவுசெலவுத்திட்டப் பொறுப்பு அலுவலகத்துக்கு இப்போது பேசும் உரிமை வந்துவிட்டது. பிற ஆய்வாளரின் மதிப்பீடுகளின் சராசரியைக் கொண்டு, நீண்டகாலத்தில் உற்பத்தித்திறன் 4 சதவீதம் குறைந்திருக்கும் என்னும் எடுகோளை அது 2020 மார்ச்சில் மேற்கொண்டது. திறைசேரி கூறிய 6.2 சதவீதத்தினும் இது குறைவு, திசை ஒன்றே. மக்கள் வாக்களித்து ஏறத்தாழ நான்கு ஆண்டுகளின் பின்னர் வந்த இவ்வெண்ணை எவரும் பேருந்தில் எழுதிச் செல்லவில்லை.