மறைத்த மலையும் பகிர்ந்த மலையும்



கண்டி மாநகரில் விமான ஓடுபாதை கிடையாது. மகாவலி கங்கை மூன்று புறமும் வளைந்தோட, சுற்றிலும் மலைகள் எழுந்து நிற்க, அவற்றின் நடுவே கிண்ணத்தின் அடிபோல் அமைந்த ஊர் அது. பொல்கொல்ல நீர்த்தேக்கத்திலே சிறு நீர்விமானங்கள் வந்திறங்கியதுண்டு. அதற்கு மேல் வானூர்திக்கும் கண்டிக்கும் நெருங்கிய உறவில்லை. ஆயினும் இன்று உலகின் எந்த மூலையில் உள்ளவரும் தம் வீட்டுக் கணனியின் முன் அமர்ந்து, ஹந்தானை மலை முகட்டைத் தாண்டி, கண்டி வாவியின் மேலாகத் தாழப் பறந்து செல்லலாம். இதற்குத் துணையாக நிற்பது விமானப் பாவனையாக்கி என்னும் மென்பொருள். அதனுள்ளே தோன்றும் மலை, ஆறு, தெரு, கட்டடம் ஆகியவற்றின் தொகுதியை நிலக்காட்சி என்பர். அத்தகைய நிலக்காட்சிகளுள் மிகப் பலவற்றை ஊதியங் கருதாத ஆர்வலர்கள் ஆக்கி, ஒரு சதமும் பெறாமல் உலகத்தாருக்கு வழங்கியுள்ளனர்.

விளையாட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு வரலாற்று உரைக்குப் பொருளாகுமோ என்று சிலர் வினவலாம். நிலத்தின் உருவத்தை அறிந்தவர் யார், அவ்வறிவை வைத்து அவர் என்ன செய்தார் என்பது கண்டியைப் பொறுத்தவரை ஓர் அரசின் உயிரையே தொட்ட வினாவாகும். ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம்.

கண்டி அரசுக்கு மதில்களிலும் மேலான அரண் அதன் மலையும் காடுமே. 1594 இல் தந்துறையிலும், 1630 இல் ரந்தெனிவெலயிலும், 1638 இல் கன்னொருவையிலும் போர்த்துக்கேயர் படைகள் அழிந்தன. 1765 இல் ஒல்லாந்தர் தலைநகரைப் பிடித்தும் அங்கு நிலைக்க முடியவில்லை. 1803 இல் ஆங்கிலேயருக்கும் அதுவே நேர்ந்தது. வழியறியாத படைக்கு வழியே பகை என்பதைக் கண்டி மன்னர்கள் நன்குணர்ந்திருந்தனர். 1660 இல் கொட்டியாரக் குடாவிலே சிறைப்பட்டு, ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கண்டி நாட்டில் வாழ்ந்து, 1679 இல் அரிப்புக் கோட்டைக்குத் தப்பிச் சென்ற றொபேட் நொக்ஸ் இதனை விரிவாக எழுதியுள்ளார். பாதைகளை அகலமாக்க அரசன் இடங்கொடுக்கவில்லை. வழிகள் குறுகும் இடங்களில் முட்படலைகள் அமைத்துக் காவல் வைத்தான் என்கிறார் அவர். அத்தகைய காவலிடத்தைக் கடவத்தை என்பர். கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் வீதியில் அப்பெயருடைய ஊர் இன்றும் உண்டு.

1681 இல் இலண்டனில் வெளியான நொக்சின் நூலில் கண்டி நாட்டின் படம் ஒன்றும் இணைந்திருந்தது. மன்னன் மறைத்த நிலத்தை அந்நாட்டின் கைதி ஒருவன் நினைவிலிருந்து வரைய, அது கடல்கடந்து அச்சேறியது. ஒரு நிலத்தின் வடிவத்தை நெடுங்காலம் பூட்டி வைத்தல் இயலாது என்பதற்கு இதுவே முதற் சான்று எனலாம்.

ஆங்கிலேயர் வேறு வழியைக் கையாண்டனர். நில அளவைத் திணைக்களம் 1800 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் நிறுவப்பட்டது. கண்டியின் பாதைகளையும் பிரதானிகளின் மனநிலையையும் ஜோன் டொயிலி என்பார் பிக்குமாரிடமும் வணிகரிடமும் கேட்டுக் கேட்டுக் குறித்துவைத்தார். 1815 இல் படைகள் பல வழிகளால் ஒரே காலத்தில் மலையேறின. மார்ச் 2 ஆம் நாள் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதன்பின் ஆளுநர் பான்ஸ் காலத்தில் கடுகண்ணாவை வழியாக வீதி எழுந்தது. 1867 இல் புகையிரதம் வந்தது. ஜோன் பிரேசரின் இலங்கைப் படம் 1862 இல் வெளிவந்தது. அவற்றைத் தொடர்ந்து ஒரு மைலை ஓரங்குலமாகக் காட்டும் திணைக்களப் படங்கள் வரையப்பட்டன. முன்னர் அரணாக மறைக்கப்பட்ட அறிவு, இப்பொழுது படைக்கும் வரிக்கும் தோட்ட முதலீட்டிற்கும் பயன்படும் கருவியாயிற்று.

இனி, பாவனைப் பறப்பின் கதைக்கு வருவோம். அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர் 1929 இல் பறப்புப் பயிற்சிப் பெட்டி ஒன்றை ஆக்கினார். அவருடைய குடும்பத்தொழில் இசைக்கருவி செய்தல். ஓகன் வாத்தியத்தின் காற்றுத் துருத்திகளே அப்பெட்டியை அசைத்தன. அதனுள் அமர்ந்த மாணவனுக்கு வெளியே ஒரு காட்சியும் தெரியாது. பிற்காலத்திலே பெரிய பலகைகளின் மீது மலை, வயல், வீடு ஆகியவற்றைச் சிறு உருவங்களாகச் செய்து, அவற்றின் மேல் ஒளிப்படக்கருவியை நகர்த்தி விமானிக்குக் காட்டினர். நிலக்காட்சி என்னும் கலை இவ்வாறு தச்சர், சிற்பியரின் கைவேலையாகவே பிறந்தது.

கணனியிலே அதனை வரைந்தவர் புரூஸ் ஆர்ட்விக். அவருடைய ஆக்கத்தை 1982 இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் வெளியிட்டது. சிக்காகோ, நியூயோர்க், சியாட்டில், லொஸ் ஏஞ்சலிஸ் என்னும் நகரங்களைச் சூழ்ந்த நான்கு பகுதிகளே அதில் ஓரளவு விரிவாக அமைந்திருந்தன. அக்கணனி உலகத்தில் ஏனைய நாடுகளுக்கு இடமில்லை, இலங்கைக்கும் இல்லை. வணிக நிறுவனம் வரையாது விட்ட நாடுகளை ஆர்வலர்கள் தாமே வரையத் தலைப்பட்டனர். முதலில் நெகிழ்வட்டுகளிலும், பின்னர் தொலைபேசி வழியாகவும், அதன்பின் இணையத்திலும் அவ்வாக்கங்கள் கைமாறின. 1997 இல் பிளைட்கியர் என்னும் பாவனையாக்கி வெளிவந்தபோது, மென்பொருளும் அதன் மூலநிரலும் நிலக்காட்சியும் யாவருக்கும் உரியனவாயின.

ஆயினும் மலைநாட்டை வரைவது எங்ஙனம்? ஒவ்வோர் இடத்தின் உயரமும் தெரிந்தாலன்றோ மலை உருப்பெறும்! அந்த இடர் 2000 ஆம் ஆண்டு பெப்ரவரியில் நீங்கியது. எண்டெவர் என்னும் விண்ணோடம் 11 ஆம் திகதி முதல் 22 ஆம் திகதி வரை பூமியை வலம்வந்து, நிலப்பரப்பில் ஏறக்குறைய எண்பது சதவீதத்தின் உயரங்களை ரேடார் அலைகளால் அளந்தது. அளவுகள் ஒரு பாகைக்கு ஒரு கட்டமாகப் பிரிக்கப்பட்டு இலவசமாக வெளியிடப்பட்டன. வட அகலக்கோடு 7 இற்கும் 8 இற்கும், கிழக்கு நெடுங்கோடு 80 இற்கும் 81 இற்கும் இடைப்பட்ட ஒரே கட்டத்தில் கண்டி, கம்பளை, மாத்தளை, குருநாகல், தம்புள்ளை, சிகிரியா அனைத்தும் அடங்கும். ஏறத்தாழத் தொண்ணூறு மீற்றருக்கு ஒரு புள்ளி என்ற கணக்கில், 1,201 வரிசையும் 1,201 நிரலுமாகப் பதினான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட உயரங்கள் அக்கட்டத்தில் உள்ளன. முட்படலையிட்டுக் காத்த மலைகளின் உயரங்களை இன்று ஒரு பாடசாலை மாணவன் சில நிமிடங்களில் இலவசமாகப் பெற்றுக்கொள்ளலாம்.

ஆனால் உயரங்களைப் பெற்றவுடன் ஊர் பிறந்துவிடாது. அவற்றை முக்கோணங்களாக இணைத்து நிலத்தை எழுப்ப வேண்டும். ரேடார் அலை எட்டாத செங்குத்துச் சரிவுகளில் வெற்றிடங்கள் இருக்கும். அவற்றைப் பழைய படங்களைப் பார்த்துக் கையாலே நிரப்ப வேண்டும். அடர்ந்த காட்டிலே அளவு தரையைத் தொடாமல் மரத்தின் தலையிலே நின்றிருக்கும். அதனைத் திருத்த வேண்டும். வாவியின் நீர்ப்பரப்பைச் சமன் செய்யாவிடின், தண்ணீர் சரிவில் ஏறி நிற்கும் விந்தையைக் காண்போம்! பின்னர் வீதிகள், பின்னர் கட்டடங்கள். தலதா மாளிகையின் எண்கோண மண்டபத்தையும், வாவியின் முகிற்சுவரையும், கட்டுக்கலைப் பிள்ளையார் கோவிலையும் உருவாக்க விரும்புபவர், அவ்விடங்களின் ஒளிப்படங்களைத் திரட்டி, அளவெடுத்து, பிளெண்டர் போன்ற இலவச மென்பொருளில் ஒவ்வொன்றாய்ச் செதுக்குதல் வேண்டும். ஒரு கோபுரத்துக்குப் பல இரவுகள் செலவாகும். அதன் பயனாக அவருக்குக் கிடைப்பது முன்பின் அறியாத ஒருவரின் நன்றிச்சொல் மட்டுமே.

இக்கொடைக்கும் ஓர் ஒழுக்கம் உண்டு. பொதியுடன் சிறு குறிப்பொன்று இருக்கும்: இதனை விற்கலாகாது, ஆக்கியவர் பெயரை நீக்கலாகாது, மாற்றுமுன் அனுமதி கேட்க வேண்டும். பிளைட்கியர் போன்றவற்றின் நெறி வேறானது. அங்கே மாற்றவும் விற்கவும் கூடத் தடையில்லை. ஆயின் பெற்ற உரிமையை அடுத்தவருக்கும் குறைவின்றி வழங்குதல் கடமை. 1990களிலே இலவசப் பொதிகளை ஆக்கியோரின் இசைவின்றித் திரட்டி, இறுவட்டுகளாக விற்றோரும் இருந்தனர். கொடையைச் சரக்காக்கியோர் எக்காலத்திலும் உளர்.

அதனினும் பெரிய இழப்பு 2009 ஆம் ஆண்டு மே மாதத்தில் நேர்ந்தது. இத்தகைய பொதிகளைத் தொகுத்து வைத்திருந்த அவ்சிம் என்னும் இணையத் தளத்தினுள் ஊடுருவிய ஒருவர், அதன் இரு சேவையகங்களையும் அழித்தார். ஒன்றுக்கு மற்றொன்றே காப்பாக இருந்தபடியால் இரண்டும் ஒருங்கே வீழ்ந்தன. நூலகம் அழிந்த துயரத்தை அறிந்த நமக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. பிரதிகள் பல கைகளில் இருந்தால் மட்டுமே அறிவு பிழைக்கும் என்பதை ஏட்டுச்சுவடிக் காலத்திலிருந்தே நாம் கற்று வந்திருக்கிறோம்.

இப்பொழுது நம்மவர் கடமைக்கு வருகிறேன். உலகம் முழுவதையும் ஒருசேர வரைவோர், நம் ஊரை அருகில் வந்து பார்ப்பதில்லை. பல பாவனையாக்கிகளில் நம் நாட்டு மலைச்சரிவுகளில் மேனாட்டு மாதிரி வீடுகள் தாமாகவே முளைத்து நிற்கக் காணலாம். தேயிலைத் தோட்டம் வெறும் பச்சையாகத் தெரியும். அதனிடையே தலைமுறை தலைமுறையாக மக்கள் வாழும் லயன்கள் தெரிவதில்லை. ஜேம்ஸ் டெயிலர் 1867 இல் லூல்கந்துறையிலே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார் என்று வரலாறு எழுதுகிறது. அந்தச் சரிவுகளை வெட்டித் திருத்திய கைகளின் இருப்பிடத்தைப் படம் எழுதாது விடலாமா?

2004 இல் தொடங்கப்பட்ட ஓப்பின் ஸ்ட்ரீட் மப் என்னும் பொது உலகப்படத்தில் எவரும் தம் ஊரின் பாதையையும் பெயரையும் பதியலாம். ஒரே இடத்தின் பெயரைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதலாம். எக்ஸ்-பிளேன் என்னும் பாவனையாக்கி 2011 இல் வெளிவந்த பத்தாம் பதிப்பு முதல் அப்படத்திலிருந்தே வீதிகளை எடுத்தது. தோட்டப் பாடசாலை மாணவி ஒருத்தி இன்று பதியும் பாதை, நாளை எங்கோ ஒரு விமானியின் கண்ணுக்குப் புலனாகக் கூடும். இதனை விளையாட்டளவில் வைத்து எண்ணற்க. 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயலின்போது கண்டி மாவட்டத்தின் மலைகள் சரிந்து பல உயிர்களைக் கொண்டன. படத்தில் இல்லாத குடியிருப்பைத் தேடிச் செல்லும் உதவி, தாமதித்தே செல்லும்.

இன்னுமொன்று. விக்டோரியா அணை 1985 இல் திறக்கப்பட்டபோது பழைய தெல்தெனிய நகரம் நீரில் மூழ்கியது. 2000 ஆம் ஆண்டின் ரேடார் அளவு அங்கே கண்டது நீரின் மேற்பரப்பை மட்டுமே. நீர் நிறைந்திருக்கையில் எத்துணைக் கூர்மையான செய்மதியும் அவ்வூர்க் கடைத்தெருவைக் காணாது. அது இருப்பது பழைய ஓரங்குலப் படத்திலும், அத்தெருவில் நடந்த முதியோரின் நினைவிலுமே. அன்று இருபது வயதினராய் இருந்தோர் இன்று அறுபதைக் கடந்துவிட்டனர். அவர்களிடம் கேட்டு, அணைக்கு முந்திய தெல்தெனியவை ஒரு நிலக்காட்சியாக அமைத்து இலவசமாக வழங்கினால், மூழ்கிய ஊரின் மேல் பேரப்பிள்ளைகள் பறந்து பார்க்கலாம். கணனி கற்ற மாணவரும் வரலாறு கற்பிக்கும் ஆசிரியரும் சேர்ந்து செய்யத்தக்க பணி இது. இதற்கு வேண்டிய மென்பொருள் யாவும் இலவசமாகக் கிடைக்கும். முதியோரின் காலம் மட்டுமே நமக்காகக் காத்திராது.

நேயர்களே, கண்டி மன்னர் தம் மலையை மறைத்ததில் தவறில்லை. அது அவர்களுக்கு உயிர்காப்பு. வெள்ளையர் அதனை அளந்தது தம் ஆட்சிக்காக. இன்று முதன்முறையாக, அம்மலையை அதன் மக்களே வரைந்து பிறருக்குக் கொடுக்கும் வாய்ப்புக் கிட்டியிருக்கிறது. இவ்வாரம் உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் அவர் பிறந்த ஊரின் பாதைகளைக் கேட்டு, ஒரு தாளில் வரைந்து வையுங்கள். கணனியில் ஏற்றுவதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.