வெர்சாய் ஆடை அணிவகுப்பு (1973)

பிரான்சின் வெர்சாய் அரண்மனையைப் புதுப்பிக்க நிதி திரட்டுவதற்காக, 1973 நவம்பர் 28 அன்று அங்கேயே நடந்த ஆடை அணிவகுப்பு. அமெரிக்க ஆடைத்துறை விளம்பரதாரர் எலினோர் லாம்பர்ட் இதை முன்னின்று ஏற்பாடு செய்தார். ஈவ் சான் லோரான், ஜிவான்ஷி, கார்டான், உங்காரோ, டியோர் நிறுவனத்தின் மார்க் போஆன் ஆகிய ஆடை வடிவமைப்பாளர்கள் பிரெஞ்சு அணி. ஆஸ்கர் டி லா ரென்டா, பில் பிளாஸ், ஆன் கிளைன், ஹால்ஸ்டன், ஸ்டீபன் பர்ரோஸ் ஆகியோர் அமெரிக்க அணி. பூசணிக்காய் வண்டி உள்ளிட்ட ஆடம்பர அரங்கப் பொருள்களுடன் பிரெஞ்சுப் பகுதி நெடுநேரம் நீண்டது. ஈஃபில் கோபுரக் கோட்டோவியம் ஒன்றையே பின்னணியாக வைத்து அமெரிக்கர்கள் சுருக்கமாக முடித்தனர். அமெரிக்க அணியின் பேட் கிளீவ்லாண்ட், பெத்தன் ஹார்டிசன், பில்லி பிளேர் முதலிய கறுப்பின மாடல்கள் இசைக்கேற்ப ஆடியும் சுழன்றும் நடந்த விதம் அரங்கைக் கவர்ந்தது. பார்வையாளர்கள் நிகழ்ச்சிநிரல் தாள்களை மேலே வீசி ஆரவாரித்தனர். அமெரிக்க ஆயத்த ஆடைகளுக்கு உலக மதிப்பும், கறுப்பின மாடல்களுக்குக் கூடுதல் வாய்ப்பும் கிடைக்க இந்நிகழ்ச்சி வழிவகுத்தது.